நடக்க வைத்த நாற்காலி

(டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார் வாழ்க்கை வரலாறு)

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (விலங்கியல்) மாணவன்

முன்னுரை

கெடில நதிக்கரையில் அமைந்த திருவதிகை என் ஊர். நோயும் நோய் தீர்தலும் பற்றிய ஒரு பெருங்கதையைப் பல நூற்றாண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கும் ஊர் அது. அருகிலுள்ள திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார் சூலை நோயால் துடித்துத் தமக்கையார் திலகவதியாரை நாடி வந்தார். வீரட்டானேசுவரர் சன்னிதியில் நலம் பெற்றுத் திருநாவுக்கரசர் ஆனார். இது நம் மாவட்டத்துக் குழந்தைகளும் அறிந்த வரலாறு. நலம் பெற்றவர் வீட்டில் ஓய்ந்திருக்கவில்லை. உழவாரப் படையைக் கையில் ஏந்தி, கோயில் கோயிலாகச் சென்று புல் செதுக்கினார். துன்பம் தீர்ந்தவன் தொண்டு செய்யக் கடமைப்பட்டவன் என்ற பாடத்தை எங்கள் ஊர்ச் சிறுவர்கள் கோயில் முற்றத்திலேயே கற்றுக்கொள்கிறோம்.

ஆனால் வளர வளர எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. துன்பம் தீராதவன் என்ன செய்வது? எந்த மருத்துவத்தாலும் குணமாக்க முடியாத உடற்குறை வந்துவிட்டால், அவன் பிறர் தொண்டை ஏற்றுக்கொண்டே காலத்தைக் கழிக்க வேண்டியவன்தானா? அவனும் தொண்டு செய்ய முடியாதா? இந்த ஐயத்திற்கு வேலூரில் வாழ்ந்து மறைந்த ஓர் அம்மையாரின் வாழ்க்கையிலே எனக்கு விடை கிடைத்தது. அவரே டாக்டர் மேரி வர்கீஸ்.

இவ்வரலாற்றைத் தேடிய காரணம்

அவரைப் பற்றி நான் பாடப் புத்தகத்தில் படித்து அறியவில்லை. என் தாய்மாமன் வழியாக அறிந்தேன். பண்ருட்டிப் பக்கத்தவர்க்குப் பலா மரம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. உச்சிக் கிளையில் காய் முற்றியிருந்தால் ஒருவர் ஏறித் தட்டிப் பார்த்து, கயிற்றில் கட்டி இறக்குவார். எனக்கு எட்டு வயதிருக்கும்போது அவ்வாறு ஏறிய என் மாமா கிளை முறிந்து விழுந்தார். இடுப்பிற்குக் கீழே உணர்வு போயிற்று. சேர்த்த மருத்துவமனையிலே சில வாரம் வைத்திருந்து, இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அவர் கட்டிலில் கிடந்தார். முதுகிலும் இடுப்பிலும் புண்கள் வந்தன. என் அம்மா அவருக்கு மூத்தவர். தம்பிக்காகவே உயிர் தாங்கிய திலகவதியாரைப் போல என் அம்மாவும் அந்தக் கட்டிலருகே இரவும் பகலும் இருந்தார். பக்கத்து வீட்டார் பரிதாபப்பட்டுப் பழம் கொண்டுவந்து கொடுத்தார்கள். போகும்போது, இப்படிக் கிடப்பதைவிடப் போய்ச் சேர்வதே மேல் என்று வாசலில் நின்று பேசிச் சென்றார்கள். அது உள்ளே கிடந்தவர் காதிலும் விழுந்தது. பிறகு ஊரிலுள்ள ஓர் ஆசிரியர் வற்புறுத்த, விழுப்புரம் வழியாக அவரை வேலூருக்குக் கொண்டு சென்றோம். சில மாதங்கள் கழித்து என் மாமா சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, தன் கையாலேயே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு தெருவுக்குள் வந்தார். அவரைத் தூக்கிச் சென்ற நால்வரும் கைவீசி நடந்து வந்தார்கள்!

அவர் தங்கியிருந்த மறுவாழ்வு நிலையத்தைத் தொடங்கியவரும் சக்கர நாற்காலியில் வாழ்ந்த ஒரு பெண்மணிதான் என்று மாமா சொன்னபோது நான் நம்பவில்லை. நம்பாமல் தேடத் தொடங்கியதன் பயனே இக்கட்டுரை.

பிறப்பும் கல்வியும்

மேரி வர்கீஸ் 1925ஆம் ஆண்டில் கொச்சிக்கு அருகில் கடலோரத்திலுள்ள செராய் என்ற ஊரில் பிறந்தார். வசதியும் மதிப்பும் மிக்க கிறித்தவக் குடும்பம். பெண்கள் மருத்துவம் படிப்பது அரிதாக இருந்த அக்காலத்தில், அவர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலே மாணவியாகச் சேர்ந்தார்.

அந்தக் கல்லூரியின் வரலாறும் ஒரு பெண்மணியின் வரலாறுதான். அமெரிக்க நாட்டவரான டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900ஆம் ஆண்டில் ஒரே ஒரு கட்டிலுடன் வேலூரில் தொடங்கிய மருத்துவப் பணி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக வளர்ந்து, பின்னர் பட்டப்படிப்புக் கல்லூரியாகவும் உயர்ந்தது. அந்த ஐடா அம்மையார் முதுமையில் வேலூரிலேயே வாழ்ந்துகொண்டிருந்த காலத்தில்தான் மேரி அங்கே பயின்றார். பட்டம் பெற்றபின் மகளிர் மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி பெற வேண்டும் என்பது அவர் எண்ணம். பிள்ளைப்பேற்றின்போது தாய்மார் பலர் மடிந்துகொண்டிருந்த காலம் அது. எனவே அவர் தேர்ந்தெடுத்த துறை நாட்டுக்குத் தேவையான துறையே. எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தால், நல்ல மகளிர் மருத்துவராக அவர் வாழ்ந்து ஓய்வு பெற்றிருப்பார். நாம் அவர் பெயரை அறிந்திருக்க மாட்டோம்.

1954: பாதை மாறிய நாள்

1954ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இளம் மருத்துவர்கள் சிலர் ஒரு வண்டியில் உல்லாசப் பயணம் புறப்பட்டனர். மேரியும் உடன் சென்றார். வழியிலே பேருந்து ஒன்றை முந்த முயன்ற அவர்களது வண்டி, சாலையோர மைல் கல்லில் மோதி உருண்டது. மேரிக்கு முகத்திலே பலத்த காயம். முதுகெலும்பு முறிந்து தண்டுவடம் சிதைந்தது. அன்று முதல் அவர் கால்கள் அவருக்குச் சொந்தமில்லாதவை ஆயின. அப்போது அவருக்கு வயது முப்பது கூட நிறையவில்லை.

விலங்கியல் மாணவன் என்ற முறையில் இங்கே சிறிது விளக்க விரும்புகிறேன். நம் தண்டுவடம் ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் நீளமுள்ள, விரல் தடிமன்கூட இல்லாத ஒரு நரம்புக் கயிறு. மூளையின் கட்டளைகள் அதன் வழியே கீழே இறங்குகின்றன. தொடுதல், சூடு, வலி ஆகிய செய்திகள் அதன் வழியே மேலே ஏறுகின்றன. கையில் வெட்டுப்பட்டால் தோல் வளர்ந்து மூடுகிறது. எலும்பு முறிந்தால் கூடுகிறது. தண்டுவட நரம்பிழைகள் அறுந்தால் அவ்வாறு மீண்டும் வளர்ந்து இணைவதில்லை. இன்றுவரை அதற்கு முழுமையான மருத்துவம் காணப்படவில்லை.

ஆனால் தண்டுவட முறிவு நேரே உயிரைக் கொல்வதில்லை என்பதை நம்மில் பலர் அறிவதில்லை. கொல்பவை அதன் பின்னால் வரும் இரண்டு பகைகள். ஒன்று படுக்கைப் புண். நாம் உட்கார்ந்திருக்கும்போதும் உறங்கும்போதும் நம்மை அறியாமலே அசைந்துகொண்டே இருக்கிறோம். வலி நம்மை அசைக்கிறது. வலியே தெரியாதவர் ஒரே பக்கமாகக் கிடக்க, அங்கே இரத்த ஓட்டம் நின்று சதை அழுகுகிறது. மற்றொன்று சிறுநீர்ப் பையில் தொற்று ஏற்பட்டு, அது சிறுநீரகத்தைக் கெடுப்பது. இவ்விரண்டையும் தடுப்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கும் கைகளும், தூய்மையும், முறையான பயிற்சியும் இருந்தால் போதும். இதை எங்களுக்கு முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் என் மாமாவின் முதுகில் அந்த ஆழமான வடுக்கள் இருந்திருக்கமாட்டா.

வலியில்லாத கைகளும் வலியில்லாத கால்களும்

படுக்கையில் கிடந்த மேரிக்கு வழிகாட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். இவர் ஆங்கிலேயப் பெற்றோருக்கு நம் கொல்லிமலையிலே 1914இல் பிறந்தவர். 1946இல் வேலூர் வந்து சேர்ந்த இவர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவை மருத்துவத்தில் உலகப் புகழ் பெற்றவர். தொழுநோயாளர் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, நரம்பு கெட்டு வலி தெரியாமல் போவதாலேயே சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும் அவை குறைகின்றன என்று எடுத்துக்காட்டியவர்.

அறுவை மருத்துவர் நின்றுகொண்டுதான் கத்தியைப் பிடிக்க வேண்டுமா? கையில் செய்யும் அறுவையை உட்கார்ந்தே செய்யலாமே! பிராண்ட் இதைச் சுட்டிக்காட்டி மேரிக்கு ஊக்கமளித்தார். முதுகில் அறுவைகள் நடந்து, நிமிர்ந்து உட்காரும் நிலை வந்தபின், மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளர் கைகளில் அறுவை செய்யத் தொடங்கினார். தசைநாண் ஒன்றை நல்ல தசையிலிருந்து எடுத்து, செயலிழந்த விரலுக்கு மாற்றிப் பொருத்தும் நுட்பமான வேலை அது.

இக்காட்சியைச் சற்று எண்ணிப் பாருங்கள். அன்று தொழுநோயாளரைத் தொடுவதற்கே மருத்துவர் பலரும் தயங்கினர். ஊர் ஒதுக்கி வைத்தவர் கையை நீட்டுகிறார். அந்தக் கையில் உணர்வில்லை. அதைப் பற்றித் திருத்துகின்ற மருத்துவருக்குக் காலில் உணர்வில்லை. அவர் முகத்திலும் விபத்தின் வடு. நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையே மேல் கீழ் என்ற படிக்கட்டு இல்லாமற் போயிற்று. எழுந்து நடக்கும் மருத்துவர் ஆயிரம் ஆறுதல் சொன்னாலும் தராத நம்பிக்கையை அந்த நாற்காலி தந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

எங்கள் நாவுக்கரசரைத் திருவதிகைக்கு அழைத்து வந்தது சூலையின் வலி. வலியை நாம் பகையாகவே எண்ணுகிறோம். வேலூரில் இவர்கள் செய்த பணியைப் படித்தபின், வலி என்பது உடம்பைக் காக்கும் காவலாள் என்று உணர்ந்தேன். அக்காவலாள் போய்விட்டவர்க்குக் கண்ணும் கவனமும் காவலாக வேண்டும். மாமா நாற்காலியில் இருந்தபடியே சிறிது நேரத்திற்கொரு முறை இரு கையையும் ஊன்றி உடலைத் தூக்கி இறக்குவார். முன்பெல்லாம் ஏதோ பழக்கம் என்று நினைத்திருந்தேன். இரத்தம் ஓட வழி விடுகிறார் என்று இப்போது தெரிகிறது.

கடல் கடந்து கற்ற கலை

தாம் அறுவை செய்வதோடு மேரி நிறைவடையவில்லை. தம்மைப் போல் முடங்கியவர்களுக்கு நம் நாட்டில் முறையான மறுவாழ்வுப் பயிற்சி இல்லை என்பதைத் தம் உடம்பாலேயே உணர்ந்தவர் அவர். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்று அங்குள்ள மருத்துவமனையில் மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். பிறர் உதவியின்றி அன்றாட வாழ்வை நடத்தக் கற்றார். பின்னர் அமெரிக்கா சென்று, நியூயார்க் நகரில் டாக்டர் ஹோவர்டு ரஸ்க் நடத்திய மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் பயின்று அத்துறையின் வல்லுநரானார். இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற அமெரிக்க விமானப் படையினரை மீண்டும் வாழ்வில் நிலைநிறுத்தப் பாடுபட்டவர் ரஸ்க்.

நோயாளியாகக் கடல் கடந்தவர் வல்லுநராகத் திரும்பினார். அந்நாளில் விமானத்தில் ஏறுவதும், படிக்கட்டுகள் நிறைந்த விடுதிகளில் தங்குவதும் சக்கர நாற்காலியில் இருப்பவர்க்கு எத்தனை இடர் தந்திருக்கும்! வெளிநாட்டிலேயே தங்கிவிட அவர் எண்ணியிருக்கலாம். ஆனால் மேடும் பள்ளமுமான நம் தெருக்களையே தேடித் திரும்பினார்.

விளையாட்டு ஒரு மருந்து

இங்கே விளையாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் மேரி கற்று வந்த மறுவாழ்வுத் துறையில் விளையாட்டும் ஒரு மருந்து.

செர்மனியில் யூதராகப் பிறந்து, நாசிகளின் கொடுமைக்குத் தப்பி 1939இல் இங்கிலாந்துக்கு வந்தவர் டாக்டர் லுட்விக் குட்மன். 1944இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையிலே தண்டுவடம் முறிந்த போர்வீரர்களுக்கான பிரிவை அவர் தொடங்கினார். அதுவரை இத்தகையோர் சில மாதங்களில் மடிவர் என்பதே பொதுக் கருத்து. குட்மன் அவர்களைப் புரட்டிப் படுக்க வைத்தார், புண்களை ஆற்றினார், பிறகு கையிலே பந்தையும் வில்லையும் கொடுத்தார். 1948 சூலை 29ஆம் நாள், இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேரைக் கொண்டு அவர் ஓர் அம்பெய்யும் போட்டி நடத்தினார். அந்தப் பதினாறு பேர் வளர்ந்து, 1960இல் ரோம் நகரில் 23 நாடுகளின் ஏறக்குறைய 400 பேர் ஆயினர். அதுவே முதலாவது பாராலிம்பிக் என்று இன்று போற்றப்படுகிறது. மேரி பயிற்சி பெற்ற பெர்த் நகரிலும் 1962இல் காமன்வெல்த் நாடுகளின் இத்தகைய போட்டிகள் முதன்முதலாக நடந்தன.

கால் விளங்காதவர்க்கு விளையாட்டு எதற்கு என்று கேட்பவர் உண்டு. நானும் அவ்வாறு எண்ணியவன்தான். சக்கர நாற்காலியில் வாழ்பவர்க்குத் தோளும் கையுமே கால்கள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறவும், சக்கரத்தைத் தள்ளவும் தோள் வலிமை வேண்டும். அதை மருத்துவர் கட்டளையிட்டு நூறு முறை செய்யச் சொன்னால் சலிப்பு வரும். ஒரு பந்தை எறியச் சொன்னால் நேரம் போவது தெரியாது. அதைவிடப் பெரிய பயன் ஒன்றும் உண்டு. நோயாளி தோற்றால் யாரும் கைதட்டுவதில்லை. வென்றாலும் இரக்கத்தோடுதான் பார்ப்பார்கள். விளையாட்டு வீரனை அவ்வாறு யாரும் பார்ப்பதில்லை.

வேலூர் மறுவாழ்வு நிலையத்தில் முன்பு பயிற்சி பெற்றவர்கள் மீண்டும் ஒன்றுகூடும் மேளா நடைபெறுவதுண்டு. அதில் உடற்பரிசோதனையோடு விளையாட்டும் உண்டு. ஒருமுறை நானும் அம்மாவும் மாமாவுடன் சென்றிருந்தோம். சக்கர நாற்காலிப் பந்தயத்தில் மாமா கடைசிக்கு முந்தியவராக வந்தார். வந்ததும், பக்கத்து நாற்காலிக்காரர் குறுக்கே வந்துவிட்டதாகச் சண்டை பிடித்தார். அம்மா அழுதார்கள். ஏன் என்று பிறகு கேட்டேன். தம்பி இத்தனை ஆண்டுகளில் யாரோடும் சரிக்குச் சரியாகச் சண்டை போட்டதில்லை என்றார்கள்.

வேலூரில் ஓர் ஆலயம்

1963ஆம் ஆண்டில் வேலூர் மருத்துவக் கல்லூரியில் உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறையின் பொறுப்பை மேரி ஏற்றார். இந்தியாவில் உள்நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டு இயங்கிய இத்தகைய துறைகளில் அதுவே முதலாவது. ஆனால் மருத்துவமனைக் கட்டிலில் நெடுங்காலம் தங்க வைக்க இயலாது; தண்டுவட நோயாளிக்கோ மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். எனவே 1966இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் ஒன்று அவர் முயற்சியால் தோன்றியது.

அங்கே நோயாளி மட்டும் சேர்க்கப்படுவதில்லை. வீட்டார் ஒருவரும் உடன் தங்கிக் கற்கிறார். என் அம்மா எழுதப் படிக்க அறியாதவர். ஆயினும் புண் வராமல் காப்பது எப்படி, சிறுநீர்க் குழாயைத் தூய்மையாகக் கையாள்வது எப்படி என்பதையெல்லாம் அங்கே கற்று வந்தார். என் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவன் நான் என்று பெருமையாகச் சொல்வார்கள். மருத்துவக் கல்லூரி ஒன்றின் பாடத்தை எனக்கு முன்பே கற்றுத் தேறியவர் என் அம்மா என்று நான் சொல்லுவேன்.

மேரியின் வாழ்க்கையை டொரோதி கிளார்க் வில்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1963இலேயே ஆங்கிலத்தில் நூலாக எழுதினார். இந்திய அரசு 1972இல் பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது. அதே 1972இல்தான், 1965 போரில் குண்டடிபட்டு முடமான இராணுவ வீரர் முரளிகாந்த் பெட்கர், செர்மனியின் ஐடல்பெர்க் நகரில் நடந்த பாராலிம்பிக்கில் நீச்சலில் இந்தியாவிற்கு முதல் தங்கம் பெற்றுத் தந்தார். இருவரும் சந்தித்ததாக நான் எங்கும் படிக்கவில்லை. ஒருவர் மருத்துவமனையிலும் மற்றவர் நீச்சல் குளத்திலும் ஒரே உண்மையை நிலைநாட்டினர் எனலாம்.

நோயோடு முப்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்து பணிபுரிந்த மேரி வர்கீஸ் அம்மையார் 1986ஆம் ஆண்டில் மறைந்தார்.

ஈகையும் இரக்கமும்

அம்மையாரின் வரலாறு ஈகையைப் பற்றி என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. சித்திரைச் சதயத்தில் எங்கள் ஊரில் அப்பர் பெருமானுக்கு விழா நடக்கும். ஓர் ஆண்டு மாமாவைக் கோயில் வாசல் வரை அழைத்துச் சென்றேன். உள்ளே செல்லப் படிகள் தடுத்தன. அவரைக் கோபுர நிழலில் விட்டுவிட்டு, நான் உள்ளே போய்த் திருநீறு வாங்கி வந்தேன். திரும்பி வந்தபோது அவர் மடியில் சில நாணயங்கள் கிடந்தன. போவோர் வருவோர் போட்டுச் சென்றவை. போட்டவர்கள் நல்லவர்களே. அவர்கள் மனம் நோக நான் எழுதவில்லை. மாமா அவற்றை எண்ணாமல் எடுத்து, அருகிலிருந்த உண்டியலில் போடச் சொன்னார். வீடு வரும் வரை பேசவே இல்லை. அதன்பின் அவர் கோயிலுக்கு வருவதில்லை.

அப்போது அவர் மிக்ஸியும் மின்விசிறியும் பழுதுபார்க்கும் கடை ஒன்று வைத்திருந்தார்; இன்றும் வைத்திருக்கிறார். என் கல்லூரிக் கட்டணத்தில் பெரும் பகுதி அந்தக் கடையிலிருந்து வந்தது. பிறருக்குக் கொடுப்பவர் மடியில் பிறர் காசு போட்டனர். காரணம் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி ஒன்றே.

பசித்தவனுக்கு உணவிடுவது அறம். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒருவன் என்றும் பசித்தவனாகவே இருக்க வேண்டும், நாம் என்றும் இடுபவராகவே இருக்க வேண்டும் என்று எண்ணுவது அறமாகாது. மேரி அம்மையார் தம்மிடம் வந்தவர்களை எழுப்பி உட்கார வைத்தார். கையில் வேலை கொடுக்க வழி தேடினார். பிறரிடம் வாங்கும் கையைப் பிறருக்கு வழங்கும் கையாக மாற்றுவதே பெரிய ஈகை. தொண்டு செய்யத் தகுதி பெற முதலில் நோய் தீர வேண்டும் என்பதில்லை என்று அவர் வாழ்ந்து காட்டினார். என் ஐயத்திற்கு நான் பெற்ற விடை இதுவே.

இன்றைய நிலை

அம்மையார் மறைந்தபின் நாடு சில படிகள் முன்னேறியிருக்கிறது. 1995இலும் 2016இலும் உடற்குறையுடையோர் உரிமைகளுக்கெனச் சட்டங்கள் இயற்றப்பட்டன. பொதுக் கட்டடங்கள் எல்லோரும் நுழையத்தக்கனவாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஊனமுற்றோர் என்ற சொல் போய் மாற்றுத்திறனாளி என்ற சொல் தமிழில் வழக்கிற்கு வந்தது. 2016இல் ரியோ நகரில் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டித் தங்கம் வென்றார். 2024 பாரீஸ் பாராலிம்பிக்கில் துளசிமதி முருகேசன், மனீஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் ஆகிய தமிழகப் பெண்கள் மூவர் இறகுப் பந்தாட்டத்தில் பதக்கம் பெற்றனர்.

மகிழ்ச்சிதான். ஆயினும் பதக்கம் பெற்றவரை ஊர்வலமாகத் தூக்கிச் செல்லும் நாம், பதக்கம் பெறாதவர் உள்ளே நுழைய ஒரு சாய்தளம் கட்ட மறந்துவிடுகிறோம். பதக்கம் வென்றால்தான் மதிப்பு என்றால் அதுவும் ஒருவகை இரக்கமே. என் மாமா பந்தயத்தில் கடைசிக்கு முந்தியவர். அவருக்கும் பேருந்தில் ஏற வேண்டியிருக்கிறது. வங்கிக்குப் போக வேண்டியிருக்கிறது. சாமி கும்பிட வேண்டியிருக்கிறது.

முடிவுரை

அன்பு நண்பர்களே! ஆசிரியப் பெருமக்களே! இக்கட்டுரையை ஒரு வேண்டுகோளோடு முடிக்க விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு நம் கல்லூரி ஆண்டு விழாவில் எனக்கு ஒரு சிறு பரிசு கிடைத்தது. அதைக் காண மாமா வர ஆசைப்பட்டார். கலையரங்கத்தின் படிகளை எண்ணிப் பார்த்தேன், ஏழு. நாலு பேர் சேர்ந்து தூக்கிவிடலாம் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று தலையசைத்தார். ஒரு காலத்தில் நால்வர் தூக்கிக்கொண்டுதான் அவர் வேலூருக்குப் போனார். அங்கிருந்து தானே தள்ளிக்கொண்டு திரும்பியவர், மீண்டும் நால்வர் தோளில் ஏற விரும்பவில்லை. அது வீண் பெருமை என்று அன்று வருந்தினேன். மேரி அம்மையார் வாழ்க்கையைப் படித்தபின் அது பெருமையன்று, அவர் உரிமை என்று அறிந்தேன்.

யாரையும் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. நம் கல்லூரியில் மாற்றுத்திறனாளி மாணவர் சிலர் படிக்கின்றனர். ஆய்வுக்கூடத்திற்கு ஒரு மாடி ஏற அவர்கள் படும் பாட்டை நாம் நாள்தோறும் பார்த்துக்கொண்டே கடந்து போகிறோம். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களாகிய நாம் ஆண்டுதோறும் சிற்றூர்களுக்குச் சென்று சாலை செப்பனிடுகிறோம். இவ்வாண்டு நம் கலையரங்க வாசலில் ஒரு சாய்தளம் அமைக்கும் பணியை மேற்கொள்ளலாம். ஒரு முழ உயரம் ஏறப் பன்னிரண்டு முழ நீளம் என்பது கணக்கு. செங்கல்லும் சிமெண்டும் கல்லூரி தந்தால், மண் சுமக்க நாங்கள் இருக்கிறோம். நாவுக்கரசரின் உழவாரமும் மண்ணைச் செதுக்கிப் பிறர் நடக்க வழி செய்த கருவிதானே!

அடுத்த ஆண்டு நான் மூன்றாம் ஆண்டு மாணவன். விழா நாளன்று என் மாமாவை அழைத்து வருவேன். சாய்தளம் இருந்தால் அவர் தாமே ஏறி வருவார். முன் வரிசையில் அவருக்கு நாற்காலி போட வேண்டாம். அவர் நாற்காலியை அவரே கொண்டு வருவார்.